ரொமேரோ எதற்காகக் கொல்லப்பட்டார்? மறைசாட்சி என்ற சொல்லைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சின்ன வயதில் எங்களுக்கு மறைசாட்சி என்றால் ஓரியூர்தான். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவை 1693-இல் தலையை வெட்டிக் கொன்ற இடம். அங்கே போய்வருகிறவர்கள் ஒரு பிடி செம்மண் எடுத்துவந்து வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தந்த இலக்கணமும் நேரானது. கிறிஸ்துவை விட்டுவிடு என்கிறார்கள்; மாட்டேன் என்கிறார்; கொன்றுவிடுகிறார்கள். கொல்கிறவர் வேறு மதம், சாகிறவர் நம்மவர்.

இந்த இலக்கணத்துக்குள் அடங்காத ஒரு சாவு 1980 மார்ச் 24 அன்று எல் சால்வதோர் நாட்டில் நடந்தது. மருத்துவமனைச் சிற்றாலயம் ஒன்றில் மாலைத் திருப்பலி. மறையுரை முடிந்து காணிக்கைப் பகுதி தொடங்கும் நேரம். வாசலுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து வந்த ஒரே தோட்டாவில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ பீடத்தருகே விழுந்தார். கத்தோலிக்க நாடு, கத்தோலிக்கப் பேராயர். கொல்ல ஆள் அனுப்பியவர்களும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களே. கிறிஸ்துவை மறுதலிக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஏன் கொன்றீர்கள் என்று அவர்களைக் கேட்டிருந்தால், கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்றே அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அப்படியென்றால் ரொமேரோ விசுவாசத்துக்காகச் செத்தாரா, அரசியலுக்காகச் செத்தாரா? திருச்சபை இதற்குத் தெளிவான பதில் சொல்ல 35 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதிலை விளங்கிக்கொண்டால் கிறிஸ்தவ விசுவாசம் என்பது என்ன, அநீதிக்கு முன்னால் அது என்ன செய்யும் என்பதையும் விளங்கிக்கொள்ளலாம். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. கதையைக் கேட்டாலே போதும்.

எல் சால்வதோர் மத்திய அமெரிக்காவில் இருக்கும் மிகச் சின்ன நாடு. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். 1880-களில் பழங்குடியினரின் பொது நிலங்கள் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன. அந்த நிலமெல்லாம் காப்பித் தோட்டமானது. 'பதினான்கு குடும்பங்கள்' என்று மக்கள் சொல்லுமளவுக்கு நாட்டின் செல்வம் சில கைகளில் குவிந்தது. மற்றவர்கள் அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போய், மீதி மாதங்களில் பட்டினி கிடந்தார்கள். 1932-இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது ராணுவம் சில வாரங்களில் கொன்றவர்கள் குறைந்தது 10,000 பேர். 30,000 வரை இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அதன்பின் சுமார் ஐம்பது ஆண்டுகள் ராணுவ ஆட்சி. கூலி உயர்வு கேட்டால் கம்யூனிஸ்ட். சங்கம் வைத்தால் கம்யூனிஸ்ட்.

இங்கே ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லிவிட வேண்டும். பாவம் என்றவுடன் தனி மனிதர் செய்யும் பொய், களவு, விபசாரம் ஆகியவைதான் நமக்கு ஞாபகம் வரும். 1968-இல் கொலம்பியாவின் மெதயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னார்கள். நிலம் முழுவதையும் சிலர் வைத்துக்கொண்டு, அதில் உழைப்பவர்களின் பிள்ளைகள் பாலில்லாமல் சாகிற ஏற்பாடே ஒரு பாவநிலை என்றார்கள். அங்கே கத்தி எடுத்துக் குத்துகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லாம் சட்டப்படி நடக்கும். ஆனாலும் அது வன்முறைதான். நிறுவனமாகிவிட்ட வன்முறை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பாவம் அப்படியிருந்தால் மனமாற்றமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு அதே தோட்டத்துக்குப் போய் அதே கூலியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது எப்படி மனந்திரும்புவதாகும்?

இதையெல்லாம் ரொமேரோ முதலில் ஏற்றுக்கொண்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவரைப் பிறவிப் போராளியாகக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 1917-இல் சியுதாத் பாரியோஸ் என்ற மலையூரில் தந்தி அலுவலரின் மகனாகப் பிறந்தார். கொஞ்ச காலம் தச்சுவேலை பழகினார். ரோமில் படித்து 1942-இல் குருவானார். சான் மிகேல் மறைமாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்தார். செபிக்கிறவர், கூச்ச சுபாவம் உள்ளவர், ஒழுங்கில் கறாரானவர். நீதி, விடுதலை என்று பேசிய இளம் குருக்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். மறைமாவட்டப் பத்திரிகையில் அவர்களை விமர்சித்தும் எழுதினார். 1977 பிப்ரவரியில் சான் சால்வதோரின் பேராயராக அவரை நியமித்தபோது நிலவுடைமையாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஏழைகளோடு இருந்த குருக்கள் மனமுடைந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே ஏதோ ஒன்று அவருக்குள் நகரத் தொடங்கியிருந்தது. 1974-இல் சான்தியாகோ தே மரியா மறைமாவட்டத்துக்கு ஆயராகப் போனார். அது காப்பி விளையும் பகுதி. அறுவடைக்கு வந்த கூலிகள் மலைக்குளிரில் தெருவில் படுத்திருப்பதைப் பார்த்து, மறைமாவட்டக் கட்டடங்களை இரவில் அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1975 ஜூனில் த்ரெஸ் காயெஸ் என்ற சிற்றூரில் தேசியக் காவல்படை விவசாயிகளை வீடு புகுந்து கொன்றது. ரொமேரோ போய் அழுகிறவர்களோடு இருந்தார். அப்புறம் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார், அதுவும் தனிப்பட்ட முறையில். பொதுவில் ஒன்றும் சொல்லவில்லை. இரக்கம் வந்துவிட்டது, துணிவு இன்னும் வரவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம்மில் பலர் நிற்கிற இடமும் அதுதான்.

ருட்டிலியோ கிராந்தே என்ற இயேசு சபைக் குரு அவருக்கு நண்பர். 1970-இல் ரொமேரோவின் ஆயர் திருப்பொழிவுச் சடங்கில் வழிபாட்டு ஒழுங்குகளைக் கவனித்தவர். 1972 முதல் கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த அகிலாரெஸ் பங்கில் பணிசெய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக்கூட வட்டமாக உட்காரவைத்து, திருவிவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, இது உங்கள் வாழ்க்கையில் என்ன சொல்கிறது என்று கேட்பார். கேள்வி அவ்வளவுதான். அதைக் கேட்ட கூலிகள், நாம் பசியோடு இருப்பது கடவுளின் சித்தம் இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள். 1977 பிப்ரவரியில் அபோபா என்ற ஊரில் கிராந்தே ஒரு மறையுரை ஆற்றினார். கடவுள் இந்த உலகத்தை எல்லாருக்கும் பொதுவாகத் தந்தார், அகன்ற துணி விரித்த ஒரே மேசை, ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை என்றார். கூடிய சீக்கிரம் திருவிவிலியத்தையே நம் எல்லைக்குள் விடமாட்டார்கள், அட்டை மட்டும்தான் வந்துசேரும், ஏனென்றால் உள்ளே உள்ள பக்கமெல்லாம் கலகம் என்றும் சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 12 அன்று எல் பாய்ஸ்னால் என்ற தன் சொந்த ஊருக்குத் திருப்பலி வைக்கப் போகும் வழியில் கிராந்தேவைச் சுட்டுக் கொன்றார்கள். வண்டியில் கூடவந்த முதியவர் ஒருவரையும் பதின்வயதுப் பையன் ஒருவனையும் கொன்றார்கள். ரொமேரோ பேராயராகப் பொறுப்பேற்று மூன்று வாரம்கூட முடியவில்லை. அன்று இரவே அகிலாரெஸ் போனார். மூன்று உடல்களையும் கோயிலில் கிடத்தியிருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததை வரிசையாகப் பார்த்தால் விசுவாசம் செயலாக மாறுவது தெரியும். முதலில், கொலையை விசாரித்து உண்மையைச் சொல்லும்வரை எந்த அரசு விழாவிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று அறிவித்தார். புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்பு விழாவுக்கே அவர் போகவில்லை. மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, உயர்மறைமாவட்டம் முழுவதும் எல்லாத் திருப்பலிகளையும் நிறுத்திவிட்டுப் பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி வைத்தார். திருத்தந்தையின் தூதரே வேண்டாம் என்றார். கேட்கவில்லை. பேராலயமும் வெளியே இருந்த சதுக்கமும் நிரம்பி வழிந்தன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவரிடம் படை இல்லை, கட்சி இல்லை, பணம் இல்லை. திருப்பலி இருந்தது. தன்னிடம் உள்ள மிகப் புனிதமான ஒன்றைக் கொண்டே பதில் சொன்னார். இதை வழிபாடு என்பதா, போராட்டம் என்பதா? இரண்டையும் பிரிக்க முடியாத அந்த இடத்தில்தான் நம் கேள்வி இருக்கிறது.

பிறகு மறையுரைகள். ஒவ்வொரு ஞாயிறும் மறைமாவட்ட வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுவார். அன்றைய வாசகங்களை நிதானமாக விளக்குவார். கடைசியில் அந்த வாரம் நடந்ததைச் சொல்வார்: யார் கொல்லப்பட்டார், எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் காணாமல் போனார், கடைசியாக எந்தப் படையினரின் வண்டியில் ஏற்றப்பட்டார். பத்திரிகைகள் வாயைத் திறக்காத நாட்டில் பெயர் சொல்லிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகம் விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும். மகனைத் தேடி அலைந்த தாய்மார்கள் காவல் நிலையத்துக்குப் போய்ப் பயனில்லாமல் அவரிடம் வந்து வரிசையில் நின்றார்கள். தெருவில் நடந்துபோனாலே வீட்டுக்கு வீடு அவர் குரல் தொடர்ச்சியாகக் கேட்குமாம். வானொலி நிலையத்தில் குண்டு வைத்தார்கள். 'நாட்டுப்பற்று காட்டு, ஒரு சாமியாரைக் கொல்' என்று துண்டறிக்கை போட்டார்கள்.

அகிலாரெஸில் நடந்தது ஒன்று. 1977 மே மாதம் ராணுவம் அந்த ஊரைப் பிடித்துக் கோயிலைப் பாசறையாக்கியது. கிறிஸ்துவின் உடலாகப் போற்றும் அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழையைச் சுட்டு உடைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் படை விலகியதும் ரொமேரோ போய்த் திருப்பலி நிறைவேற்றினார். முடிந்ததும் நற்கருணைப் பவனி. ஊர் மன்றத்தின் முன்னால் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி நின்றார்கள். முன்னால் போனவர்கள் தயங்கி, பின்னால் நற்கருணையோடு வந்த பேராயரைத் திரும்பிப் பார்த்தார்கள். 'முன்னே போங்கள்' என்றார். போனார்கள். அன்றைய மறையுரையில், ஊடுருவக் குத்தப்பட்ட கிறிஸ்துவின் சாயல் நீங்கள்தான் என்று அந்த விவசாயிகளிடம் சொல்லியிருந்தார். உடைந்த பேழையும் அடிபட்ட மக்களும் அவருக்கு ஒரே அவமதிப்பாகத் தெரிந்தன. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது இதுதானே? சின்னஞ்சிறியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறாரே.

சரி, எதிர்ப்பக்கத்துக் கேள்வியையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். சாமியாருக்கு ஏன் அரசியல்? ஆன்மாவைக் கவனித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? ரொமேரோவை நோக்கி இதைக் கேட்டவர்கள் சக ஆயர்கள். நாட்டின் ஆயர்களில் வெளிப்படையாக அவரோடு நின்றவர் அர்த்துரோ ரிவேரா இ தாமாஸ் ஒருவரே. மற்றவர்கள் ரோமுக்குப் புகார் எழுதினார்கள்.

1979 ஆகஸ்டில் எழுதிய சுற்றுமடலில் ரொமேரோ இதற்கு முதல் கட்டளையிலிருந்தே பதில் சொல்கிறார். என்னைத் தவிர வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கலாகாது. எல் சால்வதோரில் மூன்று போலித் தெய்வங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்கிறார். ஒன்று சொத்து. இன்னொன்று நாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்ற கொள்கை. மூன்றாவது இயக்கம்: மக்களுக்காகத் தொடங்கிய அமைப்பே மக்களைவிடப் பெரியதாகி, அதற்காக மக்களைப் பலிகொடுக்கலாம் என்று ஆகிவிடுவது. மூன்றாவது அடி இடதுசாரிகளுக்கு. ஆட்கடத்தலையும் கெரில்லாக் கொலைகளையும் அவர் விடாமல் கண்டித்தார். ஒரு பக்கத்துக்கு வாய்மூடி, இன்னொரு பக்கத்துக்கு மட்டும் வாய்திறந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

போலித் தெய்வத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அது மனிதப் பலி கேட்கும். விவிலியத்தின் கடவுள் வாழ்வைக் கொடுப்பவர். எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்தவர். ஆகவே பிள்ளைகளைப் பலிகேட்கிற சொத்துமுறைக்கு முன்னால் மண்டியிடுவது, திருப்பலிக்குப் போய்வந்தாலும், வேறொரு கடவுளைக் கும்பிடுவதுதான். இப்படிப் பார்த்தால் அநீதியை எதிர்ப்பது விசுவாசத்தோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சமூகப்பணி ஆகாது. 'நான் ஒரே கடவுளை நம்புகிறேன்' என்ற விசுவாச அறிக்கையின் முதல் வரியைக் கடைப்பிடிப்பதே அதுதான்.

இது லத்தீன் அமெரிக்காவின் புதுச்சரக்கு என்று யாராவது சொன்னால் திருமுழுக்கு யோவானைக் காட்டுங்கள். அவரைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே மறைசாட்சியாகக் கொண்டாடுகிறது. கடவுளை மறுதலிக்கும்படி அவரை யாராவது கேட்டார்களா? உன் சகோதரன் மனைவியை நீ வைத்திருப்பது முறையில்லை என்று ஏரோதிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார், தலை போயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதே எடுத்துக்காட்டை வைத்துத்தான் வாதிட்டார்: கடவுளை முன்னிட்டுச் செய்யும் எந்த நற்செயலும் மறைசாட்சியத்துக்குக் காரணம் ஆகலாம். மறைசாட்சி என்று நாம் மொழிபெயர்த்த கிரேக்கச் சொல்லுக்கும் வெறுமனே சாட்சி என்றுதான் பொருள். வழக்குமன்றத்தில் நின்று, நான் பார்த்தேன் என்று சொல்கிறாரே, அந்தச் சாட்சி. பார்த்ததைச் சொல்வது, சொன்னதிலிருந்து பின்வாங்காமல் இருப்பது. ஞாயிறுதோறும் வானொலியில் ரொமேரோ செய்தது அச்சொட்டாக அதுதான்.

அவருக்குப் பயம் இருந்தது. 1980 பிப்ரவரியில் தியானம் செய்தபோது, கொடூரமான சாவை நினைத்து அஞ்சுவதாகத் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அரசு கொடுக்க முன்வந்த பாதுகாப்பை, மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று மறுத்தார். அதே மாதம் அமெரிக்கத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு, எங்கள் ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள் என்று கடிதம் எழுதினார். மார்ச் 23, தவக்கால ஞாயிறு. மறையுரையின் முடிவில் சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்துப் பேசினார். நீங்களும் இந்த மக்களிலிருந்து வந்தவர்கள், கொல்வது உங்கள் சொந்தச் சகோதரர்களை, கடவுளின் சட்டத்துக்கு எதிரான ஆணைக்கு எந்தச் சிப்பாயும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. 'மன்றாடுகிறேன், கெஞ்சுகிறேன், கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்: அடக்குமுறையை நிறுத்துங்கள்!' மறுநாள் மாலை சுட்டார்கள். அன்று வாசித்த நற்செய்தி, மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணி.

குருத்து ஞாயிறன்று நடந்த அடக்கச் சடங்கிலும் குண்டு வெடித்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். தொடர்ந்த உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து சுமார் 75,000 உயிர்களைக் குடித்தது. 1993-இல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம், கொலைக்கு ஆணையிட்டவர் முன்னாள் ராணுவ அதிகாரியும் வலதுசாரி அரேனா கட்சியை நிறுவியவருமான ரொபெர்த்தோ தாபுய்சோன் என்று பெயரைச் சொன்னது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார்.

மக்கள் ரொமேரோவை அன்றே 'புனித ரொமேரோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். லண்டனில் ஆங்கிலிக்கத் திருச்சபையினர் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலய முகப்பில் 1998-இலேயே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ரோமில் அவருடைய புனிதர் பட்டக் கோப்பு அசையவில்லை. விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டாரா என்பதே சிக்கல். கடைசியில் 2015 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், ஆம், விசுவாசத்தின் மீதான வெறுப்பால்தான் என்று ஆணையில் ஒப்பமிட்டார். நற்செய்தி கேட்கிற நீதியை ஒருவர் வாழ்ந்து காட்டுவதால் அவரை வெறுத்துக் கொன்றால், வெறுக்கப்பட்டது அந்த விசுவாசமே. கொன்றவரின் திருமுழுக்குச் சான்றிதழ் இதை மாற்றாது. அதே ஆண்டு மே 23 அன்று புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர், 2018 அக்டோபர் 14 அன்று புனிதர். அன்றைய திருப்பலியில் பிரான்சிஸ் இடுப்பில் கட்டியிருந்தது ரொமேரோவின் இரத்தக் கறை படிந்த கச்சை.

நம் ஊருக்குத் திரும்பிவந்து பார்த்தால், ஓரியூரில் ஆரம்பித்த என் பழைய இலக்கணம் இங்கேயே போதாமல்தான் இருந்திருக்கிறது. காற்றாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தை மதம் மாறியதற்காகக் கொன்றார்கள் என்றுதான் கேட்டு வளர்ந்தோம். அவருடைய புனிதர் பட்டத்தை ஒட்டி வத்திக்கான் வெளியிட்ட குறிப்போ, சாதி வேற்றுமைக்கு அப்பால் எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியது மேல்தட்டினரின் வெறுப்பைக் கிளப்பியது என்கிறது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கும் பங்குகளில் அவர் திருவிழாவுக்குக் கொடியேற்றும்போது இந்த வரியையும் யாராவது வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

2022 ஜனவரி 22 அன்று சான் சால்வதோரில் ருட்டிலியோ கிராந்தேவும் அருளாளராக அறிவிக்கப்பட்டார். கூடவே அந்த வண்டியில் வந்த இருவரும்: 72 வயது மானுவேல் சொலோர்சனோ, பையன் நெல்சன் ருட்டிலியோ லேமுஸ். இவர்கள் இறையியல் படித்தவர்கள் இல்லை, அறிக்கை விட்டவர்கள் இல்லை, மறையுரை ஆற்றியவர்களும் இல்லை. புனித யோசேப்பின் நவநாள் திருப்பலிக்குத் தங்கள் பங்குச் சாமியாரோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையும் திருச்சபை மறைசாட்சிகள் என்றே எழுதியிருக்கிறது.